படகு இளவரசியின் அம்மாவைக் கொன்றது நான்தான்

ஒன்பதாம் பிரிவு, இரண்டாம் பத்தி: “பூட்டிய திரைக்கதையில் மாற்றம் கோரி எழுத்து மூலம் விண்ணப்பம் வந்தால், கதை உரிமையாளர் மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் தராவிட்டால் சம்மதம் தந்ததாகவே கொள்ளப்படும்.”

இந்தப் பிரிவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. அதன் கடைசி வாக்கியத்தை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வாரம் மல்லுக்கட்டியவள் நான். அது பயன்பட வேண்டிய ஒரே சமயத்தில் பயன்படுத்தாமல் விட்டவளும் நான்தான்.

கதை சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். வேலையை எப்படிச் செய்வது என்பதற்குக் கையேடு இருக்கிறது. பாதி நான் எழுதியது, மீதி என் ஆட்சேபணையை மீறி எழுதப்பட்டது. படித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் வேலை பார்த்த கடைசிப் படம் ஒரு தேவதைக் கதை. முன்பு கார்ட்டூனாக வந்து பிள்ளைகள் மனப்பாடமாகப் பார்த்ததை, நிஜ ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். கதை இவ்வளவுதான்: ஏரிக்கரையில் ஓர் அரண்மனை. ராணிக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. சூனியக்காரி குழந்தையைத் தூக்கிப் படகில் போட்டு ஏரியில் தள்ளிவிடுகிறாள். குழந்தையின் தொட்டில் பெயரைச் சொல்லி யாராவது கரையிலிருந்து கூப்பிடும்வரை அந்தப் படகு எந்தக் கரையிலும் ஒதுங்காது. பெண் படகிலேயே வளர்கிறாள். பல வருஷம் கழித்து வேற்று நாட்டு இளவரசன் வருகிறான். ஒரு மீன்கொத்தி அவனுக்குப் பெயரைச் சொல்லித் தருகிறது. கூப்பிடுகிறான். படகு வருகிறது. கல்யாணம்.

கார்ட்டூனைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வளர்ந்தவர்கள் இணையத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். அத்தனை வருஷம் அவள் என்ன சாப்பிட்டாள்? கைக்குழந்தையாக ஏறியவள் எப்படிப் பட்டுப்பாவாடையில் நிற்கிறாள்? யாரிடமும் பேசாமல் வளர்ந்தவளுக்குப் பாட்டு எப்படி வந்தது? இந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துக் கொடுப்பது என் வேலை. நாற்பத்தொன்று எண்ணினேன். சாப்பாட்டுக்குக் கொக்குகளை வைத்தேன். பாவாடைக்கு, கிழிந்த பாய்மரத் துணியை அவளே தைத்துக்கொள்கிறாள் என்று எழுதினேன். பாட்டுக்கு ஓர் ஊமைப் பாய்மரக்காரனை யோசித்து, ஊமை எப்படிப் பாட்டுச் சொல்லித் தருவான் என்று நானே ஆட்சேபம் எழுதி, நானே நிராகரித்தேன். எனக்கு இப்படித்தான் பொழுது போகும்.

இருபத்தாறாவது ஓட்டைதான் பெரியது. தொட்டில் பெயரை வைத்தவள் தாய். அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் படகு தெரிகிறது. கார்ட்டூனில் அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். கரையில் நின்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் கதை பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ராணி கூப்பிடவில்லை. முதல் காட்சியில் தொட்டிலை ஆட்டிவிட்டுக் காணாமல் போகிறவள், கடைசியில் கல்யாண மண்டபத்தில் பூத்தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நடுவில் எங்கே போனாள்?

நான் அவளைக் கொன்றேன். குழந்தை பிறந்ததும் தாய் இறந்துபோனாள் என்று பின்னணிக் குரலில் ஒரே வரி. செத்தவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இதைவிடச் சுத்தமான அடைப்பு எங்கள் தொழிலில் கிடையாது. டைரக்டருக்கு முப்பத்துச் சொச்சம் வயது, மரியாதை தெரிந்த பையன். படித்துவிட்டு, “மேடம், ரெண்டு நாள் ஷூட்டிங் மிச்சம்” என்றான். உரிமையாளர் கம்பெனி பம்பாயில் இருந்தது. அங்கிருந்து ஒப்புதல் வந்தது. திரைக்கதையைப் பூட்டினோம். பூட்டிய பிறகு ஒரு கமாவை நகர்த்தவும் அவர்கள் சம்மதம் வேண்டும், அந்த மாற்றத்தைப் படமாக்கும் நாளின் கால்ஷீட்டில் என் கையெழுத்தும் வேண்டும்.

படப்பிடிப்பு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். மூடிக் கிடந்த ஓர் ஆலையின் கொட்டகைக்குள் தொட்டி கட்டி, ஏரி நிரப்பி, கரை போட்டு, நாணல் நட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் உருக்காலை. அது இரும்பைத் தட்டும்போது எங்கள் ஏரியில் அலை எழும்பும். எனக்குக் கொடுத்த இடம் வாசலில் இருந்த வே பிரிட்ஜ் அறை, முன்பு லாரிகளை எடை போட்ட இடம். ஒரு மேஜை, ஒரு கண்ணாடி ஜன்னல். அந்த வழியாகத்தான் எல்லோரும் போவார்கள், யாரும் உள்ளே வர மாட்டார்கள். லாஜிக் மேடம் என்று பெயர். தப்புக் கண்டுபிடிப்பவளைத் தேடி வந்து யார் பேசுவார்கள்? மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, ஜன்னல் வழியாக ஷிப்டு மாறும் கம்பெனி பஸ்களைப் பார்த்தபடி சாப்பிட்டு முடிப்பேன். வருஷக்கணக்கில் அப்படித்தான். ஊர்தான் மாறும்.

ஒரு நாள் கதவைத் தட்டாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ராணி உடை, காலில் ரப்பர் செருப்பு.

“நீதான் லாஜிக்கு மேடமா?”

“ஆமாம்.”

“என்னை சாவடிச்சிட்டியாமே?”

அவள் பெயர் தேசம்மா. பழவேற்காடு பக்கத்துக் குப்பத்துக்காரி. புருஷனுக்குக் கால் ஒடிந்ததிலிருந்து ஏரியில் அவளே கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறவள். கதாநாயகிக்குப் படகு தள்ளக் கற்றுத்தர அழைத்து வந்திருந்தார்கள். தொட்டியின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருந்த பெண்ணை அவள் கூப்பிட்ட குரலைக் கேட்டுவிட்டு, டைரக்டர் அவளையே ராணியாகப் போட்டுவிட்டான். இரண்டு காட்சி. உடைகூடத் தைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் என் ஒரு வரி வந்திருக்கிறது. அவளிடம் சொல்லும் வேலையை ஒருவர் இன்னொருவரிடம் தள்ளி, கடைசியில் அவளே யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

நான் எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன். கதையில் ஓட்டை இருக்கிறது, தாய் உயிரோடு இருந்தால் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை, ஆகவே இறந்திருக்க வேண்டும்.

“கூப்புடலன்னு யாரு சொன்னா?”

“படத்தில் இல்லையே.”

“படத்துல காட்டலன்னா கூப்புடலன்னு அர்த்தமா? நல்லா கீதே.” நான் உட்காரச் சொல்லாமலே பெஞ்சில் உட்கார்ந்தாள். “மேடம், நீ ஏரில போயிக்கிறியா? காத்து படகுலேந்து கரைக்கு அடிச்சுகினு இருந்தா, கரைல நின்னு தொண்ட கிழிய கத்துனாலும் படகுக்குப் போவாது. நாங்க கைய காட்டுவோம், துணிய காட்டுவோம். பனி மூடிகினா அதுவும் இல்ல. ராணி தெனம் சாயங்காலம் வந்து கூப்ட்டுகினுதான் இருந்தா. பொண்ணுக்குக் கேக்கல. அவ்ளோதான்.”

“அத்தனை வருஷமும் காற்று ஒரே பக்கமாகவா அடிக்கும்?”

“படக தள்ளிவுட்டவ சூனியக்காரிதான? அவ காத்தையும் திருப்பி வெச்சிருப்பா. வேற வேல இன்னா அவளுக்கு?”

நான் பேனாவை எடுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

“அந்த ராஜா ஊட்டுப் பையன் எதிர்க்கரைல நின்னான். காத்து அவன் முதுவுல. கூப்ட்டான், போய்ச் சேந்துச்சு. அவன் இன்னா பெரிய ஆளா? நின்ன எடம் அப்பிடி.” புடவைச் சரிகையை நீவிவிட்டுக்கொண்டாள். “இன்னொண்ணு கீது மேடம். காத்து படகுலேந்து கரைக்குத்தான அடிக்குது? அப்ப பொண்ணு பாடறது ஆத்தாளுக்குக் கேக்கும். தெனம் கேக்கும். ஆத்தா கூப்டறதுதான் அவளுக்குக் கேக்காது.”

இந்தத் தொழிலில் எத்தனையோ கெட்டிக்கார எழுத்தாளர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே இழுப்பில் மூன்று ஓட்டையை மூடிய யாரையும் பார்த்ததில்லை. தாய் ஏன் வரவில்லை, அந்நியன் குரல் மட்டும் ஏன் பலித்தது, கல்யாணத்தில் ராணி எப்படி இருக்கிறாள், மூன்றும் அடைந்துவிட்டன. யாரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. என் நாற்பத்தோரு அடைப்பையும் எழுதியவள் ஏரியில் கால் நனைக்காதவள்.

“உனக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது?” என்றேன்.

“தோணுறதுக்கு இன்னா?” என்றாள். “என் பொண்ணு புடிச்சவனக் கட்டிகினு போயி ரெண்டு வருஷம் ஆவுது. போவ சொல்ல நான்தான் வாசல்ல நின்னுகினு ஒரு வார்த்த சொன்னேன். இன்னா வார்த்தன்னு கேக்காத. கூப்ட்டா போன் எடுக்க மாட்டா. ஆனா தெனம் ஸ்டேட்டஸ் போடுவா. சமைச்சது, கட்டுன பொடவ, இப்ப வயித்துல கொயந்த. நான் பாத்துகினே கீறேன். சினிமா ஒண்ணு விட மாட்டா மேடம் அவ. கொட்டாயில உக்காந்துகினு இருக்க சொல்ல நான் கூப்ட்டா, எப்பிடி கட் பண்ணுவா?”

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நடிகையாக வேண்டும் என்று ஆசையில்லை. கட் பண்ண முடியாத ஓர் இடத்திலிருந்து ஒரு தடவை கூப்பிட வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு உட்கார்ந்து காட்சியை எழுதினேன். கரையில் ராணி, பாட்டு காற்றில் வருகிறது, கூப்பிடுகிறாள், பாட்டு நிற்காமல் தொடர்கிறது. ஒன்றரைப் பக்கம், அரை நாள் வேலை. தாய் இறந்த வரியை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கக் கேட்டு, திங்கள் காலை பம்பாய்க்கு விண்ணப்பம் அனுப்பினேன். அந்த வாரம் சனிக்கிழமையோடு கொட்டகையின் தவணை முடிகிறது. அன்று மத்தியானம் தொட்டித் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அதற்குள் எடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்கள், செவ்வாய், புதன். புதன் மாலையோடு மூன்று வேலை நாள் முடிந்தது. பதில் இல்லை. பிரிவின்படி சம்மதம் கிடைத்துவிட்டது. வியாழன், வெள்ளி, சனி மத்தியானம் வரை என்று முழுசாக இரண்டரை நாள் கையில்.

வியாழக்கிழமை காலை டைரக்டர் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“மேடம், மூணு நாள் ஆயிடுச்சு. உங்க ஒன்பதாம் பிரிவு. எடுத்துடலாமா?”

“எழுத்தில் வரட்டும்.”

“பிரிவே எழுத்துலதானே இருக்கு?”

“இருக்கிறது.”

“அப்புறம்?”

அவர்கள் பின்னால் மறுத்தால் காட்சியைத் தூக்கி எறிய வேண்டிவரும், யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள், ஓய்வு பெற ஆறு வாரம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் அவை இல்லை. ஒருவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு வராது. வாழ்க்கையில் என்னிடம் பேசாமல் இருந்தவர்கள் யாரும் சம்மதித்துப் பேசாமல் இருந்ததில்லை. அந்த வாக்கியத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சண்டை போட்டேனே தவிர, ஒரு நாளும் நம்பவில்லை. இதை அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? “நினைவூட்டல் அனுப்புகிறேன்” என்றேன். அனுப்பினேன். அவன் திரும்பிப் போனான்.

தேசம்மா மூன்று நாளும் வந்தாள். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரயில், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. ஒன்பது மணிக்கெல்லாம் ராணி உடையோடு கரையில் உட்கார்ந்துவிடுவாள். என் ஜன்னலைக் கடக்கும்போது தட்டிக் கேட்பாள்.

“வந்துச்சா மேடம்?”

“இன்னும் இல்லை.”

“சரி, நாஷ்டா துன்னியா?”

என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அடுத்த நாள் இலையில் சுற்றிய வறுத்த இறாலை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பம்பாய்க்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றாள். அதையாவது சம்மதமாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. பார்த்துவிட்டுச் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டார்கள். கேமரா பெட்டிக்குள் போய்விட்டது. மைக் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டகைக்குள் போய் அவளிடம் நேரே சொன்னேன். பதில் வரவில்லை, முடிந்துவிட்டது.

அவள் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டைரக்டரைப் பார்த்து, “நைனா, மோட்டார கொஞ்சம் நிறுத்து. ஒரு தபா கூப்ட்டுட்டுப் போறேன்” என்றாள்.

“எதுவும் ஓடலையே அம்மா. எல்லாத்தையும் கட்டிட்டோம்.”

“ஓடலன்னா போவுது.”

அவன் மோட்டாரை நிறுத்தச் சொன்னான். பக்கத்து உருக்காலைக்கு அன்று வார விடுமுறை. அந்தக் கொட்டகை சத்தமே இல்லாமல் இருந்ததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். தேசம்மா கரை விளிம்புக்குப் போனாள். கதையில் இருந்த பெயரைச் சொல்லவில்லை. வேறொரு பெயரைச் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. மூன்று முறை கூப்பிட்டாள். தகரக் கூரையில் பட்டு அவள் குரலே அவளுக்குத் திரும்பி வந்தது. நான் எழுதிவைத்த காட்சியில் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்தாள். பிறகு, “போடு நைனா” என்றாள். மோட்டார் ஓடியது.

உடையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டுப் போகும்போது என் ஜன்னலில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“நீ இன்னா பண்ணுவ மேடம்,” என்றாள். “உனக்கும் யாரும் பதில் போட மாட்டேன்றாங்க.”

ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

இந்த வேலையில் நீங்கள் தினமும் ஓட்டை பார்ப்பீர்கள். அடைக்கத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், என்னைவிட வேகமாகவும் அடைப்பீர்கள். ஒருவரைக் கதையிலிருந்து எடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும்போது, அவர் அங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தார் என்று, தெரிந்த யாரிடமாவது முதலில் கேளுங்கள். கேட்டதை நம்பினால் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு முதலாவதுகூடத் தற்செயலாகத்தான் வாய்த்தது. அவளாகவே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இரண்டாவது வாய்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்று வேப்பம்பட்டில் ஒரு பிளாட்டுக்கு வந்தேன். காலையில் மாடிப்படியில் எல்லோரும் ரயிலுக்கு ஓடுவார்கள், மாலையில் திரும்புவார்கள். நடுவில் கட்டடத்தில் நானும் தண்ணீர் மோட்டாரும்தான். படம் அரையாண்டு விடுமுறைக்கு வெளியானது. திருவள்ளூரில் காலைக் காட்சிக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். குழந்தை பிறந்ததும் தாய் இறந்துபோனாள் என்று குரல் சொன்னது. யாரும் நிமிரவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தேசம்மாவின் மகளாக இருக்க எந்த நியாயமும் இல்லை என்று தெரிந்தும், இடைவேளை வரை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கார்ட்டூனின் ஓட்டைகளை எல்லாம் புதுப் படம் அழகாக அடைத்துவிட்டது என்று இணையத்தில் பாராட்டினார்கள். ராணி விஷயத்தைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியவர்களும் உண்டு.

பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. பழைய அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து முகவரி மாற்றி என்னிடம் வந்திருந்தது. இரண்டே வரி. ராணி கரையில் நின்று கூப்பிடும் காட்சிக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்பதாம் பிரிவின்படி இந்தச் சம்மதம் தாங்கள் விண்ணப்பித்த மூன்றாம் வேலை நாளிலேயே கிடைத்துவிட்டது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

உறையைத் திருப்பி, வந்து சேர்ந்த தேதியைப் பென்சிலால் குறித்துவைத்தேன்: ஜனவரி ஒன்பது, வியாழக்கிழமை.